இரும்புப் பாலத் துறவி தங்தோங் கியல்போ

இமயமலைச் சாரலிலே அமைந்துள்ள பூட்டான் நாட்டிற்கு யாத்திரை செல்லும் அன்பர்களை வழிகாட்டிகள் அழைத்துச் செல்லும் பாதை பெரும்பாலும் ஒன்றேயாகும். தலைநகராகிய திம்புவினின்று தெற்கே இறங்கி, திம்பு ஆறும் பாரோ ஆறும் கூடுகின்ற சூசோம் என்னும் இடத்தை அடைவர். பூட்டான், திபேத்து, நேபாளம் ஆகிய மூன்று நாட்டு முறைகளிலும் அமைந்த மூன்று தூபிகள் அங்கே நிற்கின்றன. அவற்றை வணங்கிப் பாரோப் பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பியதும், சிறிது தொலைவிலேயே ஆற்றின் மறுகரையில் வெண்சுவர்களையுடைய ஒரு கோயில் தென்படும். அதன் பெயர் தாம்சோக் விகாரை. சாலையிலிருந்து அக்கோயிலுக்கு ஆற்றைக் கடந்து செல்ல இரும்புச் சங்கிலிகளால் ஆகிய தொங்குபாலம் ஒன்று உண்டு. வழிகாட்டி அதனைச் சுட்டிக் காட்டி, இதனைக் கட்டியவர் தங்தோங் கியல்போ என்னும் மகான் என்று சொல்லுவார். வந்தவர்கள் சற்று நேரம் பாலத்தின் மேல் நின்று, நிழற்படம் எடுத்துக்கொண்டு, அடுத்த கோயிலைக் காணப் புறப்பட்டு விடுவர்.

அங்ஙனம் விரைந்து கடந்து செல்லத்தக்க பெயரன்று அது. பகவான் புத்தர் அருளிய தம்மத்தைக் கைத்தொழிலாகவே செய்து காட்டிய பெரியார் ஒருவரின் பெயர் அது. அவருடைய சரித்திரத்தை நம் சங்கத்து உபாசகர்களும் உபாசிகைகளும் அறிந்திருத்தல் நலம் என்று கருதி, யான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட அளவில் ஈண்டு எழுதலானேன்.

தங்தோங் கியல்போ திபேத்து நாட்டினர். அந்நாட்டின் மேற்பகுதியாகிய சாங் மாநிலத்திலே பிறந்தார். பிறந்த ஆண்டு 1361 என்பது மரபு. 1385 என்று கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். இறந்த ஆண்டு மரபின்படி 1485. அப்படியானால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவராவார். 1464 என்று கூறும் ஆராய்ச்சியாளரின் கணக்கே இயற்கைக்குப் பொருந்துகிறது. அவர் தாயின் வயிற்றிலே அறுபது ஆண்டுகள் தங்கியிருந்து, நரைத்த தலையோடு கிழவராகவே பிறந்தார் என்றும் ஒரு கதை அந்நாட்டு மக்களிடையே வழங்குகின்றது. பெரியோர் எவரையும் பெரியோராகவே விட்டுவைக்க மனமின்றி, அவர்களைச் சுற்றி அற்புதங்களைப் புனைந்து மூடிவிடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. நமக்கு அறுபது ஆண்டுக் கருப்பவாசம் வேண்டியதில்லை. அவர் செய்த காரியங்களே போதிய அற்புதங்களாம்.

இளமையில் அவர் பல ஆசிரியர்களை அடுத்துக் கற்றார், துறவு பூண்டார், மலைக்குகைகளில் நெடுங்காலம் தியானத்தில் அமர்ந்தார். நேபாளத்திற்கும் நம் பாரத நாட்டிற்கும் யாத்திரையாக வந்தார் என்றும் சொல்லப்படுகிறது. தங்தோங் கியல்போ என்னும் பெயருக்கு வெறுவெளியின் வேந்தன் என்று பொருள். எல்லாப் பொருள்களும் தம்மளவில் நிலையற்றன, சூனியமானவை என்னும் உண்மையை உணர்ந்தவர் என்பதனால் அப்பெயர் அமைந்தது. ஆனால் பாமர மக்கள் அவரை அழைத்த பெயர் வேறு. கிழிந்த உடையும் சடைத்த முடியும் கொண்டு, எவரையும் பொருட்படுத்தாது திரிந்தமையால், அவரைப் பித்தர் என்றே அழைத்தனர். அந்நாளில் திபேத்தில் பெருமடங்கள் செல்வமும் அதிகாரமும் மிக்கு விளங்கின. அம்மடங்களில் ஒன்றிலும் ஒட்டாமல் திரிந்த ஒருவரைப் பித்தர் என்று சொன்னதில் வியப்பில்லை.

அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம் ஓர் ஓடத்துறை. இந்நிகழ்ச்சியை மட்டும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

லாசா நகரத்தின் அருகே கியிச்சு என்னும் ஆறு ஓடுகின்றது. கோடையில் பனி உருகுங்கால் அதன் வெள்ளம் கொடியது. அக்காலத்தில் அதனைக் கடக்க ஓடத்தைத் தவிர வேறு வழியில்லை. ஓடக்காரருக்குக் கூலி கொடுத்தவரே அக்கரை சேரலாம். ஒருநாள் நம் துறவியார் பலரோடு கூட ஓடத்தில் ஏறப் போனார். அவருடைய அழுக்கு உடையையும் கோலத்தையும் கண்ட ஓடக்காரன், இப்பித்தனை ஏற்றுவதா என்று சினந்து, துடுப்பினால் அவர் தலையில் அடித்து நீரிலே தள்ளிவிட்டான் என்று அவருடைய சரித்திரம் கூறுகின்றது.

ஓடம் என்பது எல்லோருக்கும் பொதுவான வழி. அதிலே ஏறத் தகுந்தவர் இவர், தகாதவர் இவர் என்று உடையைப் பார்த்துத் தீர்ப்புச் செய்கிறான் ஒருவன். கிணற்றண்டையிலும், தேநீர்க் கடையிலும், கோயில் வாயிலிலும் இத்தகைய தீர்ப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள் நாம். ஆதலின் அந்தத் துடுப்படியின் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. அடிபட்டவர் என்ன செய்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அவர் ஓடக்காரனைச் சபிக்கவில்லை. தமக்கு மட்டும் அக்கரை சேர வழி தேடிக்கொண்டு போய்விடவுமில்லை. கூலி கொடுக்க இயலாத ஏழைகள் எத்தனை பேர் நாள்தோறும் இவ்வாறு விரட்டப்படுகின்றனர் என்று எண்ணினார். ஓடமும் ஓடக்காரனும் தேவைப்படாத ஒரு வழியை உண்டாக்கிவிட்டால் எவனும் எவரையும் தள்ள முடியாதன்றோ? அந்த ஆற்றின் மேலேயே இரும்பினால் ஒரு பாலம் கட்டுவது என்று துணிந்தார்.

பிட்சைப் பாத்திரம் ஏந்தித் திரிகிற ஒருவர் பெரிய ஆற்றின் மேல் இரும்புப் பாலம் கட்டப் போகிறேன் என்று சொன்னபொழுது ஊரார் நகைத்தார்கள். பித்தர் என்ற பெயர் அவருக்கு மேலும் உறுதியாயிற்று. அவரோ கோங்போ முதலிய நாடுகளுக்கு நடந்து சென்று இரும்பைப் பிட்சையாகக் கேட்கத் தொடங்கினார். சோறு கேட்கும் துறவியை மக்கள் பார்த்திருந்தனர். இரும்பு கேட்கும் துறவியை அன்றுதான் கண்டனர். இரும்பு இல்லாதவர் பொன்னோ, துணியோ, தானியமோ கொடுத்தனர். ஒன்றும் இல்லாதவர் தம் உழைப்பைக் கொடுத்தனர். 1430 ஆம் ஆண்டில் கியிச்சு ஆற்றின் மேல் பாலம் எழுந்தது. அவருடைய இரும்புப் பாலங்களுள் அதுவே முதலாவது. அதுமுதல் மக்கள் அவரைச் சாக்சம்பா, அதாவது இரும்புப் பாலத்தார், என்று அழைக்கலாயினர்.

இரும்புச் சங்கிலிப் பாலம் உலகத்திலேயே முதன்முதலாக அவர் கண்டுபிடித்தது என்று சிலர் பேசுகின்றனர். அது சரியன்று. சீன நாட்டில் அவருக்கு முன்னரே அத்தகைய பாலங்கள் இருந்தன. ஆனால் அரசாங்கத்தின் கருவூலமும் படையும் இன்றி, பிட்சை எடுத்த இரும்பைக் கொண்டே நாடு முழுதும் பாலங்கள் அமைத்த துறவி அவர் ஒருவரே எனலாம். அவர் மரபில் தோன்றிய கியூர்மே தேச்சென் என்பவர் 1609 ஆம் ஆண்டில் எழுதிய சரித்திரத்தின்படி அவர் கட்டிய இரும்புப் பாலங்கள் 58, மரப்பாலங்கள் 60. நம் இந்திய எல்லைக்குள்ளேயே, அருணாசலப் பிரதேசத்துத் தவாங் மாவட்டத்தில், அவர் கட்டியதாக வழங்கும் சங்கிலிப் பாலம் ஒன்று உண்டு.

பாலம் கட்டுதல் உலகியல் காரியமன்றோ, தியானத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். பாலி ஆகமங்களைப் புரட்டிப் பார்த்தால் ஐயம் நீங்கும். சம்யுத்த நிகாயத்தில், யாருடைய புண்ணியம் இரவும் பகலும் வளர்கின்றது என்னும் வினாவிற்கு விடையாகப் பகவான், சோலைகளை நடுவோரையும், பாலம் அமைப்போரையும், தண்ணீர்ப் பந்தலும் கிணறும் உறைவிடமும் தருவோரையும் குறிப்பிடுகின்றார். குலாவக சாதகக் கதையில் மகன் என்னும் இளைஞன் தன் ஊராரைக் கூட்டிக்கொண்டு மேடுபள்ளங்களைச் சமன் செய்து, பாலம் கட்டி, குளம் வெட்டி, பொதுமண்டபம் எழுப்புகின்றான். போதிசத்துவரே அப்பிறப்பில் அவ்விளைஞனாக இருந்தார் என்பது கதை. ஆகவே தங்தோங் கியல்போ புதிய மார்க்கம் எதனையும் தொடங்கவில்லை. ஏட்டிலே இருந்ததை ஆற்றின் மேலே கொண்டுவந்தார்.

இனி அவர் பூட்டானுக்கு வந்த வரலாற்றைக் கூறுவாம்.

1433 ஆம் ஆண்டையொட்டி அவர் பாரி என்னும் எல்லையூர் வழியாகப் பாரோப் பள்ளத்தாக்கில் இறங்கினார். வந்த நோக்கம் இரண்டு. தம்மத்தைப் போதித்தல் ஒன்று. மற்றொன்று இரும்பு. பாரோவின் மலைகளில் இரும்புக் கனி உண்டு. அதனை உருக்கி வார்க்கவும் அடித்து வடிக்கவும் வல்ல கொல்லர்கள் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர். தாம்சோக் விகாரையின் சுற்றுப்புறத்து மண் இன்றும் செந்நிறமாக இருப்பதை வழிகாட்டிகள் காட்டுவதுண்டு. அங்கே அவர் சேர்த்த இரும்பு 1,400 சுமை என்று வழங்குகின்றது. அதனை மனிதர்களின் முதுகிலேயே ஏற்றி, ஊருக்கு ஊர் கைமாற்றி, பனி மூடிய கணவாய்களைக் கடந்து திபேத்திற்குக் கொண்டு போயினர். பூட்டானிலும் அவர் 8 பாலங்கள் அமைத்தார். அவற்றுள் ஒன்றே யாத்திரிகர் காணும் தாம்சோக் பாலம். பாலத்தின் அக்கரையிலே விகாரையை எழுப்பி, பாலத்தைக் காக்கும் பொறுப்பை அங்கே தங்கிய தம் வழியினரிடம் ஒப்படைத்தார். அக்கோயில் இன்றளவும் அவர் மரபினரின் பாதுகாப்பில் உள்ளது.

சங்கிலியைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலவில்லை. நெசவாலையிலே பல்லாண்டு உழைத்தவன் யான். ஆலையின் பட்டறையில் பளுதூக்கும் சங்கிலியின் அறுந்த வளையத்தைக் கொல்லர் ஒட்டுவதை எத்தனையோ முறை நின்று பார்த்திருக்கிறேன். வளையத்தின் இரு முனைகளையும் சரிவாக அடித்து, உலையிலே வெண்சூடு ஏறும்வரை காய்ச்சி, பட்டடையின் மேல் வைத்து, சூடு ஆறுமுன் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்க வேண்டும். சூடு சிறிது குறைந்தால் ஒட்டாது. மிகுந்தால் இரும்பு எரிந்து கெடும். ஒட்டியது போலத் தோன்றி உள்ளே ஒட்டாமல் இருந்தால் பளு தாங்கும் வேளையில் விட்டுவிடும். மின்விசையால் காற்றூதும் உலையை வைத்துக்கொண்டே எங்கள் பட்டறையில் அதற்கு அத்தனை எச்சரிக்கை வேண்டியிருந்தது. கைத்துருத்தியும் மரக்கரியும் கொண்டு ஆயிரக்கணக்கான வளையங்களை ஒட்டினார்கள் பாரோக் கொல்லர்கள். இருபதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு உலோக ஆராய்ச்சியாளர் அப்பழைய வளையங்களைச் சோதித்தபொழுது, ஒட்டு இடங்களில் ஆர்சனிக் கலந்த இரும்பு இருப்பதைக் கண்டனர். ஆர்சனிக் கலந்த இரும்பு குறைந்த சூட்டிலேயே இளகும். ஆதலால் வளையத்தின் உடல் கெடாமல் முனைகள் மட்டும் பற்றிக்கொள்ளும். ஏட்டுப் படிப்பு இல்லாத மலைநாட்டுத் தொழிலாளர் இந்நுட்பத்தை அறிந்து கையாண்டனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மழையிலும் பனியிலும் கிடந்தும் அச்சங்கிலிகள் பெரிதும் துருப்பிடித்து அழியவில்லை.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். திபேத்திலும் அதனைச் சார்ந்த இமய நாடுகள் சிலவற்றிலும், பௌத்தம் தழைத்த இடங்களாயிருந்தும், கொல்லர் தாழ்ந்தவராகவே எண்ணப்பட்டு வந்தனர். கசாப்புத் தொழிலாளர், பிணம் அறுப்போர் ஆகியோரோடு சேர்த்து அவர்களையும் கடைநிலையில் வைத்தனர். ஒரே கிண்ணத்தில் அவர்களோடு பருக மறுத்த ஊர்களும், அவர்கள் பிள்ளைகளைத் துறவியாகச் சேர்க்க மறுத்த மடங்களும் இருந்தன. கொலைக் கருவியைச் செய்வோர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கத்தியை வடித்தவன் தாழ்ந்தவனாம். அதனை ஏந்தியவன் பிரபுவாம். இந்த நியாயம் எங்கே கற்றது என்பதை நாம் நன்கு அறிவோம்.

பகவானுடைய இறுதி உணவை அளித்தவன் யார்? பாவா நகரத்துக் கொல்லன் மகனாகிய சுந்தன். அவ்வுணவிற்குப் பின் பகவான் நோயுற்றார். அதனால் சுந்தன்மேல் எவரும் பழி சொல்லலாகாது என்று கருதி, தாம் போதி பெறுவதற்கு முன் உண்ட உணவும், பரிநிர்வாணத்திற்கு முன் உண்ட அவ்வுணவும் புண்ணியத்தில் ஒப்பானவை என்று சுந்தனுக்கு அறிவிக்கும்படி ஆனந்தரிடம் கூறினார். சாக்கிய அரசகுமாரர்கள் துறவு பூண வந்தபொழுது, அவர்களுடைய நாவிதராகிய உபாலிக்கு முதலில் துறவு அளித்து, அரசகுமாரர்கள் அவரை வணங்கும்படி செய்தார். இவற்றை ஓதிக்கொண்டே ஒரு கொல்லனுடைய கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்கள் என்றால், அக்குற்றம் தம்மத்தினுடையதன்று. தம்மத்தை ஏட்டிலே வைத்துவிட்டுப் பிறப்பை நெஞ்சிலே வைத்துக்கொண்டவருடையது. இமயத்துக் கோயில்களின் பொன்வேலையையும் சித்திரங்களையும் கண்டு மகிழ்ந்து வருகிற அன்பர்கள் இதனையும் அறிந்து வருதல் வேண்டும்.

தங்தோங் கியல்போவோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக்கொல்லர்களுடனேயே கழித்தார். உலைக்களமே அவருக்கு விகாரை ஆயிற்று. கோயில்களில் அவருடைய உருவத்தை எளிதில் அடையாளம் காணலாம். கருத்த மேனியும், வெண்தாடியும், நீண்ட முடியும் உடைய கிழவர் ஒருவர் அமர்ந்திருப்பார். ஒரு கையில் நீடித்த ஆயுளைக் குறிக்கும் கலசம் இருக்கும். மற்றொரு கையில் இரும்புச் சங்கிலி இருக்கும். தாமரையும் மணியும் வாளும் ஏந்திய எத்தனையோ திருவுருவங்களுக்கு நடுவே, தொழிலாளியின் கைப்பொருளை ஏந்தி அமர்ந்திருக்கும் உருவம் அது.

பாரோவிலே யாத்திரிகர் காணும் மற்றொரு கோயில் தும்சே விகாரை. இதனையும் அவரே கட்டுவித்தார். வெளியிலிருந்து பார்ப்பதற்குத் தூபியைப் போலவும், உள்ளே புகுந்தால் மூன்று நிலைகள் உள்ள கோயிலாகவும் அஃது அமைந்துள்ளது. பூட்டானிலே இத்தகைய அமைப்பு அரிது. கட்டிய ஆண்டை 1421 என்று சில நூல்கள் குறிக்கின்றன. அவர் பாரோவிற்கு வந்த காலத்தை நோக்க 1433 என்பதே பொருந்தும். இருள் சூழ்ந்த உட்புறத்திலே கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு செங்குத்தான ஏணிகளில் ஏறவேண்டும். சுவர் முழுதும் சித்திரங்கள். கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குச் செல்லச் செல்லப் போதனையும் படிப்படியாக உயர்ந்து செல்லுமாறு அவை வரையப்பட்டிருக்கின்றன. பாரோவை வருத்திய ஒரு தீய சக்தியை அடக்கவே அக்கோயில் அவ்விடத்தில் எழுப்பப்பட்டது என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையை யாத்திரிகர் ஆவலோடு கேட்பர். அதனினும் ஆவலோடு பார்க்கத்தக்கது ஒன்று அங்கே உண்டு. 1841 ஆம் ஆண்டில், நாட்டின் தலைமைக் குருவாகிய செரப் கியல்சென் என்பவர் காலத்தில், அக்கோயில் பழுது பார்க்கப்பட்டது. அப்பொழுது மரங்களை அளித்த பாரோப் பள்ளத்தாக்கு மக்களின் பெயர்களைக் கீழ்நிலைத் தூண்களிலேயே எழுதி வைத்தார்கள். அரசருடைய பெயரைக் கல்லில் வெட்டுவது எங்கும் உண்டு. கட்டை சுமந்து கொடுத்த ஊராரின் பெயரைத் தூணில் எழுதுவது அரிது. விளக்கின் ஒளியை அத்தூண்களின்மேலும் சற்றுச் சாய்த்துப் பார்க்குமாறு அங்கே செல்லும் நம்மவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மலைமுகட்டிலே தொங்குவது போல் விளங்கும் தக்சங் விகாரைக்கும் யாத்திரிகர் ஏறுவர். தங்தோங் கியல்போ அக்குகைத் தலத்திலும் தியானத்தில் இருந்தார் என்பது மரபு. இன்று நாம் காணும் கட்டடம் அவர் காலத்ததன்று. அது 1692 இல் எழுந்தது. 1998 இல் தீயால் அழிந்து, மறுபடி கட்டப்பட்டு 2005 இல் நிறைவுற்றது. அவர் ஏறியபொழுது அங்கே பாறையும் குகையுமே முதன்மையாக இருந்திருக்கும்.

பூட்டானிலிருந்து கொண்டு சென்ற இரும்பும் பிற நாடுகளில் சேர்த்த இரும்பும் திபேத்தில் பல பாலங்களாயின. அவற்றுள் மிகப் பெரியது சூவோரி என்னும் இடத்தில், 1444 ஆம் ஆண்டில், சாங்போ நதியின் மேல் எழுந்தது. நாம் பிரமபுத்திரா என்று வழங்கும் பேராறே அங்குச் சாங்போ எனப்படுகின்றது. பாலத்தின் நீளம் ஏறத்தாழ 450 அடி. சங்கிலிகளிலிருந்து தொங்கவிட்ட கயிறுகளில் மரப்பலகைகளைக் கிடத்தி, ஒருவர் பின் ஒருவராக நடக்கும்படி அதனை அமைத்திருந்தனர். காற்றில் ஊசலாடும் அதன்மேல் நடப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆயினும் அதில் நடக்க நல்லுடை வேண்டியதில்லை.

அப்பாலத்தைப் பற்றி ஓர் இனிய செய்தி உண்டு. வேலை நடந்த காலத்தில் பொருள் போதவில்லை. வேலைக்கு வந்திருந்தவர்களுள் உடன்பிறந்த ஏழு பெண்கள் இருந்தனர். அவர்கள் ஆடவும் பாடவும் வல்லவர்கள். தங்தோங் கியல்போ அவர்களைக் கொண்டு ஒரு நாடகக் குழுவை அமைத்து, பழைய தம்மக் கதைகளை ஊர்தோறும் நடிக்கச் செய்தார். தாமே தாளம் தட்டினார் என்றும் கூறுவர். நாடகம் பார்த்தவர்கள் இரும்பும் பொருளும் ஈந்தனர், பாலம் வளர்ந்தது. திபேத்தியரின் இசை நாடகமாகிய லாமோ என்னும் கலை இவ்வாறே பிறந்தது என்பது அந்நாட்டு மரபு. இன்றும் அந்நாடகக் குழுவினர் ஆட்டம் தொடங்குமுன் அரங்கின் நடுவே அவருடைய உருவத்தை வைத்து வணங்குகின்றனர். நம் பகுதியில் ஞாயிறு தோறும் சொற்பொழிவு மட்டும் நிகழ்த்திக்கொண்டு, கூட்டம் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் உபதேசகர்கள், என்னையும் சேர்த்துத்தான், இதனைச் சிந்திக்கலாம்.

அவருடைய பிற தொண்டுகளைச் சுருக்கமாகக் கூறி அமைவோம். பஞ்சம் வந்த காலத்தில் மக்களின் துயர் நீங்க வேண்டுதற் பாக்கள் இயற்றினார். நோய் பரவிய இடங்களுக்கு மருந்துருண்டைகள் செய்து அளித்தார். அவர் பெயரால் வழங்கும் வெள்ளை மாத்திரையும் சிவப்பு மாத்திரையும் திபேத்து மருத்துவத்தில் பெயர் பெற்றவை. அவலோகிதேசுவரரை எண்ணி எல்லா உயிர்களின் நலத்தையும் நாடும் தியானமுறை ஒன்றை வகுத்தார்; இமய நாடுகளில் இல்லறத்தார் பலரும் இன்றும் அதனையே நாள்தோறும் ஓதுகின்றனர். 1449 இல் தொடங்கி 1456 இல் முடித்த ரிவோச்சே பெருந்தூபி, சாங் மாநிலத்தின் மேற்கே சாங்போ நதிக்கரையில் அவர் எழுப்பியதாகும். வயது முதிர்ந்த பின் ரிவோச்சேயிலேயே தங்கி, அங்கேயே காலமானார்.

அவர் மறைந்தபின் பாலங்களின் கதி பலவாறாயிற்று. சூவோரிப் பாலத்தை அதன் கரையிலிருந்த மடத்துத் துறவிகள் நெடுங்காலம் பேணி வந்தனர். ஆனால் ஆறு வரவர அகன்று, பாலத்தின் ஒரு முனை கரையை எட்டாமல் நீரின் நடுவே நின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மக்கள் அதனைக் கைவிட்டு, அதன் அருகிலேயே மறுபடியும் ஓடத்தில் ஏறலாயினர். 1904 இல் படையோடு அவ்வழியே லாசாவிற்குச் சென்ற ஆங்கிலேயர், பயனற்று நின்ற பாலத்தையும் அதன் கீழே ஓடத்துறையையும் ஒருங்கே கண்டு குறித்து வைத்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டிலே அச்சங்கிலிகளும் இல்லாமற் போயின.

தாம்சோக் பாலத்தை 1969 ஆம் ஆண்டில் பாரோ ஆற்றின் வெள்ளம் அடித்துச் சென்றது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவ்விடம் சங்கிலிப் பாலம் இன்றியே இருந்தது. கிழக்குப் பூட்டானில் துக்சும் என்னும் ஊரிலும் அவர் கட்டிய பாலம் ஒன்று இருந்தது. அதுவும் 2004 ஆம் ஆண்டில் வீழ்ந்தது. அவ்வாறு வீழ்ந்த பாலத்தின் பழைய சங்கிலிகளை வீணாக்காது, நாட்டின் மேற்குக் கோடிக்குக் கொண்டு வந்து, 2005 இல் தாம்சோக் பாலத்தைத் திரும்பவும் கட்டினார்கள். காலடியிலும் பக்கங்களிலும் கம்பி வலையை அதற்குப் புதிதாகச் சேர்த்தனர். சங்கிலிகளோ பழைய கொல்லர்கள் ஒட்டியவை.